ஒட்டுண்ணிக்கு இரத்தம் கொடுத்த மச்சான்

மலேரியாவைப் பற்றி எனக்குத் தெரிந்த அவ்வளவும் என் மச்சான் மேலிருந்த எரிச்சலோடு சேர்த்துத் தெரிந்துகொண்டவை. இரண்டையும் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். பேராதனையில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டிச் செய்தியாளன். சொந்த இடம் புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். மனைவி யாழ்ப்பாணத்தவள். பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், நீர்ப்பாசனப் பொறியியலாளர். குண்டசாலையில் குடும்பத்தோடு இருந்தார். மாதத்தில் பாதி நாள் வவுனியாப் பக்கத்துக் குளங்களில்.

மனைவி மலேரியா ஒட்டுண்ணிகளை வளர்த்தாள். கோழி வளர்ப்பதைப் போலத்தான், ஆனால் கோழியைவிடத் தொல்லை. கண்ணாடித் தட்டுகளில் மனிதச் செங்குருதிக் கலங்களை இட்டு, அவை தாங்கும் ஊட்ட நீரை ஊற்றி, மனித உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும். அந்த நீரை ஒவ்வொரு நாளும் மாற்றவேண்டும். ஞாயிறு, பௌர்ணமிப் போயா, தீபாவளி, ஊரடங்கு என்று அவற்றுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. மின்சாரம் நின்றால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் அவை வாடும். தட்டுகளை மூடிபோட்ட பெரிய கண்ணாடிச் சாடிக்குள் அடுக்கி, உள்ளே ஒரு மெழுகுதிரியையும் ஏற்றி வைத்து மூடுவாள். திரி தானாக அணையும்போது சாடிக்குள் இருக்கும் ஒட்சிசன் அந்த உயிருக்கு ஏற்ற அளவுக்கு இறங்கியிருக்கும். அந்தக் கணத்தில் மூடியிலிருக்கும் குழாயைப் பூட்டவேண்டும்.

"நுளம்புக் காய்ச்சலுக்கு மெழுகுதிரி கொளுத்துற ஒரே ஆள் என்ரை தங்கச்சிதான்" என்பார் மச்சான். "கோயிலிலை ஒரு விளக்கேத்தச் சொன்னால் நேரமில்லை."

அவளுடைய கேள்வி இதுதான். நுளம்பு கடித்து உடலுக்குள் வரும் ஒட்டுண்ணி ஈரலில் தங்கிப் பெருகியபின் செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்துகொள்கிறது. குடியேறுவதற்கு அதைவிட வசதியற்ற இடம் உடம்பில் இல்லை. மற்றக் கலங்களில் கரு உண்டு, புரதம் செய்யும் ஏற்பாடு உண்டு, செய்ததை உரிய இடத்தில் சேர்க்கும் பாதைகள் உண்டு. முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் இவை ஒன்றுமே இல்லை. அது ஒட்சிசன் காவும் ஒரு பை. அந்தப் பைக்குள் ஒட்டுண்ணி தன்னைச் சுற்றி ஒரு குமிழியையும் போர்த்துக்கொண்டு இருக்கிறது. சும்மா இருந்தால் அந்தக் கலம் இரத்தத்தோடு ஓடி மண்ணீரலுக்குப் போய்ச் சேரும். மண்ணீரல் அதைப் பழுதானதென்று பிடித்து அழித்துவிடும். ஆகவே கலத்தின் வெளித்தோலில் சிறு முடிச்சுகளை எழுப்பி, இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளவேண்டும். அதற்கு வேண்டிய புரதங்களை ஒட்டுண்ணிதான் செய்யவேண்டும். செய்து, தன் சவ்வைத் தாண்டி, குமிழியின் சவ்வைத் தாண்டி, அந்த வெறும் பைக்கு ஊடாகத் தோல்வரை அனுப்பவேண்டும். பாதையையும் அதுவே போட்டுக்கொள்ளவேண்டும்.

எது வெளியே போகவேண்டியது, எது உள்ளே நிற்கவேண்டியது என்பதை அது எப்படிப் பிரிக்கிறது? வெளியே போகும் புரதங்கள் பலவற்றின் முன்பகுதியில் ஐந்து அமினோ அமில நீளத்தில் ஓர் அடையாளம் இருப்பதை அதற்குச் சில காலம் முன்னர்தான் கண்டிருந்தார்கள். என் மனைவி எடுத்துக்கொண்ட புரதத்திலும் அது இருந்தது. அதில் ஒரே ஓர் அமிலத்தை மாற்றினால் புரதம் எங்கே போய் நிற்கும்? இதைப் பார்ப்பதற்காக வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் சில காலம் இருந்து, இரண்டு வகை ஒட்டுண்ணிகளை உருவாக்கிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டிலும் அந்தப் புரதத்தின் வாலில் பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதம் பொருத்தப்பட்டிருந்தது. ஒன்றில் அடையாளம் இருந்தபடியே இருந்தது. மற்றதில் மாற்றப்பட்டிருந்தது. இரண்டையும் நுணுக்குக்காட்டியின்கீழ் ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

இதைப் பத்திரிகையில் எழுதும்படி ஆசிரியர் கேட்டார். எழுதினேன். 'மலேரியாவுக்கு முடிவு கட்டும் தமிழ்ப் பெண்' என்ற தலைப்போடு, முடிச்சுகளும் சவ்வுகளும் வெட்டப்பட்டு வெளிவந்தது. மருந்து எப்போது கடைக்கு வரும் என்று ஒரு மாதமாக வழியில் காண்பவர்கள் எல்லாம் கேட்டார்கள். மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த இரண்டு வகைகளையும் உறைய வைத்த கையிருப்பு ஒன்று இருந்தது. திரவ நைதரசன் தொட்டிக்குள் வைத்திருந்தாள். நைதரசன் கொழும்பிலிருந்து லொறியில் வரவேண்டும். அந்த வருடம் பாதைச் சோதனை, அனுமதி, பிறகு அனுமதி கொடுப்பவரின் விடுமுறை என்று லொறி பிந்தியது. தொட்டி வற்றியது. கையிருப்பு முழுவதும் ஒரு நீண்ட விடுமுறைக்குள் பழுதாகிப் போனது. இனித் தட்டுகளில் உயிரோடு இருப்பவைதான். அவை செத்தால் எல்லாம் முடிந்தது. புலமைப்பரிசில் அந்த வருடத்தோடு தீர்கிறது. மறுபடி வெளிநாடு போய் முதலிலிருந்து தொடங்க வழியில்லை. அவளுக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அவள் இதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சோற்றைத்தான் தொடவில்லை.

உயிரோடிருப்பவற்றுக்கு இரத்தம் வேண்டும். செங்குருதிக் கலங்களும் வேண்டும், இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீராகிய சீரமும் வேண்டும். முன்னர் இரத்த வங்கியில் காலாவதிக்குக் கிட்டிய பைகளைக் கொடுப்பார்கள். வடக்கில் சண்டை கூடியபின் அங்கே ஒரு துளியும் மிஞ்சவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காயப்பட்டவர்களை ஏற்றிய வாகனங்கள் போவதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்குச் சிறுவயதில் செங்கண்மாரி, அதாவது மஞ்சட்காமாலை, வந்ததால் என் இரத்தத்தை அவள் தொடமாட்டாள். அவளுக்கோ இரும்புச் சத்துக் குறைவு. ஓ வகை இரத்தமும், பருத்த உடம்பும், தங்கச்சி கேட்டால் மறுக்காத மனமும் உள்ளவர் மச்சான் ஒருவர்தான்.

முதலில் சில மாதங்கள் இரத்த வங்கியிலேயே, தெரிந்த தாதி ஒருவர் அவரிடம் எடுத்துக் கொடுத்தார். ஒட்டுண்ணிகள் செழித்தன. பிறகு தாதிக்கும் நேரமில்லாமல் போக, மச்சானை ஆய்வுகூடத்துக்கே வரச்சொல்லி அங்கே எடுக்கத் தொடங்கினாள். தட்டுகள் இருக்கும் அறைக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு கதவு.

முதல்நாள் வந்தவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அதுக்குள்ளையோ?"

"ஓம். பாக்கப்போறியளோ?"

"வேண்டாம், வேண்டாம். ஒரு நுளம்பு யன்னலாலை வந்து உந்த இரத்தத்தைக் குடிச்சிட்டுப் போய் ஆரையும் குத்தினால்?"

"சாடி பூட்டிக் கிடக்கு அண்ணை. யன்னலுக்கு வலை அடிச்சிருக்கு. நுளம்புக்கு வேறை வேலை இல்லையோ?"

"வவுனியாவிலையும் வலை அடிச்சுத்தான் இருக்கு" என்றார் மச்சான்.

ஆய்வுகூட உதவியாளர் மச்சானின் கையில் ரப்பர் பட்டியைக் கட்டினார். அவர் மாத்தளைப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும். ஊசி ஏற்றுமுன் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "அண்ணை, மருந்து குளிசை ஏதும் எடுத்தனீங்களோ?"

"எனக்கென்ன வருத்தம்? ஒண்டும் எடுக்கேல்லை."

அந்தக் கிழமையோடு ஒட்டுண்ணிகள் வாடத் தொடங்கின.

பத்திரிகைத் தொழிலில் ஒரு விபத்துச் செய்தி வந்தால் முதல் வேலை எல்லோரையும் சந்தேகிப்பது. அந்த வீட்டில் அது எனக்கு முன்னரே நடந்துவிட்டது. மனைவி தண்ணீரைச் சந்தேகித்தாள். வடிக்கும் கருவியைக் கழற்றிப் பூட்டினாள். மின்வெட்டைச் சந்தேகித்தாள். கண்ணாடித் தட்டுகளில் சவர்க்காரம் ஒட்டியிருக்கிறதென்று எல்லாவற்றையும் மறுபடி கழுவுவித்தாள். உதவியாளர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கழுவினார். மெழுகுதிரியைக்கூடச் சந்தேகித்தாள். திரியில் வாசனை சேர்க்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கண்டி நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கி வெவ்வேறு மெழுகுதிரிகளை முகர்ந்து பார்த்து வாங்கி வந்தது நான். கடைக்காரர் ஒருவர் எந்தக் கோயில் என்று கேட்டார்.

ஒன்றும் பலிக்கவில்லை. ஒட்டுண்ணிகள் வாட வாட, அவற்றைத் தேற்றுவதற்குப் புது இரத்தம் தேவைப்பட்டது. புது இரத்தத்துக்கு மச்சானை அடிக்கடி கூப்பிட்டாள். அவரும் வந்தார். வேலை நாளில் குண்டசாலையிலிருந்து புறப்பட்டு, நகரத்தைச் சுற்றி, கெட்டம்பைச் சோதனைச் சாவடியில் இறங்கி, யாழ்ப்பாணப் பிறப்பிடம் எழுதிய அடையாள அட்டையை நீட்டி, ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வியர்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் மனைவி கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் இல்லையென்றார். இரண்டு வகைகளும் வேகமாகச் செத்துக்கொண்டிருந்தன.

"இந்த லாபிலை ஏதோ ஒண்டு இருக்கு" என்று ஒருநாள் அவர் முன்னாலேயே சொன்னாள். "என்னெண்டு தெரியேல்லை. எல்லாத்தையும் கொல்லுது."

மச்சானின் முகம் மாறியதை நான் கவனித்தேன். இரத்தம் கொடுத்த களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சட்டித் தயிர், ஒரு சீப்பு வாழைப்பழம். மனைவி காலையில்தான் ஆய்வுகூடத்திலிருந்து வந்திருந்தாள். தட்டுகளில் உயிருள்ளது ஏதுமில்லை என்றே சொல்லலாம் என்றாள். மேற்பார்வையாளருக்கு நாளைக்கு அறிவிக்கப்போவதாகச் சொன்னாள். நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுவன். கோவிக்கப்படாது" என்றார் மச்சான்.

"சொல்லுங்கோ."

"நீ நல்லா மெலிஞ்சு போனாய். கண்ணெல்லாம் குழி விழுந்துட்டுது. எந்தநாளும் உந்த இடத்திலை நிண்டால் வேறை என்ன நடக்கும்? பட்டம் கிடக்கட்டும். முதல் உடம்பைப் பார். இந்தா, இதைப் போடு."

சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பாதி வெறுமையாக இருந்தது.

"என்னண்ணை இது?"

"மலேரியாக் குளிசை. வவுனியாக் கந்தோரிலை எங்களுக்குத் தாறது, வேண்டியமட்டும் கிடக்கு. நான் உன்ரை இடத்துக்கு வாறதெண்டால் முதல்நாள் ரெண்டு போட்டிட்டுத்தான் வாறனான். ஒண்டும் செய்யாது. கொஞ்சம் கைக்கும். வாழைப்பழத்துக்குள்ளை வைச்சு விழுங்கு."

மனைவி கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"எப்ப இருந்து போடுறியள்?"

"இரத்த வங்கியிலை எடுக்கேக்கை ஏன் போடுறன்? வவுனியாவிலையும் வலைக்குள்ளை படுத்தாச் சரி, போடுறேல்லை. உன்ரை இடத்துக்கு வரத் துவங்கினாப்பிறகுதான்."

"ஒவ்வொரு முறையும் கேட்டனான்."

"கேட்டனிதான். அந்த உதவியாள் பக்கத்திலை நிண்டவன். அவனுக்கு முன்னாலை, தங்கச்சியின்ரை இடத்துக்குப் பயந்து அண்ணன் குளிசை போட்டிட்டு வந்தவனெண்டு சொல்லுறதோ? உனக்கெல்லோ மரியாதை குறைவு."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ மச்சான்?" என்று கேட்டேன். அவரோடு பேசும்போது என் பேச்சும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

"கெட்டம்பையிலை நிக்கிற ஆமிக்காரனுக்குத் தெரியும். பொக்கற்றைச் சோதிச்சுப்போட்டு என்ன இது எண்டு கேட்டவன். மலேரியா பெத்தி எண்டு சிங்களத்திலை சொன்னன். அவனும் தன்ரை பொக்கற்றிலை இருந்து எடுத்துக் காட்டினான். அவனுக்கு மன்னாருக்கு மாற்றமாம். நல்ல குளிசை, விடாமல் போடுங்கோ எண்டான்."

ஆகக்கூடி, பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாத காரணம் சோதனைச் சாவடிச் சிப்பாய்க்குத் தெரிந்திருந்தது. தண்ணீரும் மின்சாரமும் சவர்க்காரமும் மெழுகுதிரியும் குற்றமற்றவை. மலேரியாவைக் கொல்லும் மருந்து மச்சானின் இரத்தத்தில் ஏறி, கலங்களோடும் சீரத்தோடும் தட்டுகளுக்குப் போய், அங்கே தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அவை சாகச் சாக இன்னும் இரத்தம் வேண்டுமென்று இவள் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட அவர் இன்னும் குளிசை போட்டார். அந்த இடத்தில் ஏதோ இருந்து எல்லாவற்றையும் கொல்கிறது என்று இவள் சொன்னபின் கணக்கில் ஒன்றைக் கூட்டியும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. இதில் இன்னோர் எரிச்சல்: வன்னிக் காடுகளில் திரிந்த ஒட்டுண்ணிகள் பல அந்தக் குளிசைக்குப் பழகிப்போனவை. மனைவியினுடையவை கண்ணாடித் தட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த, அந்த மருந்தைக் கண்டிராத வகை. கொஞ்சமும் தாங்கவில்லை.

மச்சானுக்கு விஷயத்தை விளக்கியது நான்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். படித்த மனிதர், இரண்டாம் வசனத்திலேயே விளங்கிவிட்டது. தயிர்ச் சட்டியைச் சிறிது தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப நான் வந்து இன்னும் கொஞ்சம் இரத்தம் தரட்டோ?" என்று கேட்டார்.

"அண்ணை, நீங்கள் இஞ்சையே இருங்கோ. எழும்பவேண்டாம்" என்றாள் மனைவி. கை கழுவப் போகும் வழியில் என்னிடம், "இஞ்சேருங்கோ, நானாவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

நானா என்பது எங்கள் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டிய அலவத்துகொடை முஸ்லிம் ஒருவர். அவளை ஆய்வுகூடத்துக்கு ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அவர்தான். பாதி வழியில் அவள் முன்பக்கம் குனிந்து கேட்டாள்.

"நானா, உங்களுக்கு என்ன இரத்தம்?"

"தெரியா மிஸ். ஒருத்தரும் கேட்டதில்ல. சும்மா சிவப்புத்தான்."

ஆய்வுகூடத்தில் விரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்தாள். ஓ வகைதான். அதற்குப் பின்னர் நடந்தது விசாரணை.

"குளிசை ஏதும் போடுறியளோ?"

"இல்ல மிஸ்."

"பனடோல்?"

"இல்ல."

"வடக்குப் பக்கம் ஹயர் போனனீங்களோ? ஆரும் மலேரியாக் குளிசை தந்தவையோ? கசாயம் குடிச்சனீங்களோ? வைத்தியர் பேதிக்கு ஏதும் தந்தவரோ? வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

"கொத்தமல்லி குடிச்ச மிஸ், முந்தநாள். தடிமன் ஈந்திச்சு. அதும் செல்லவோணுமா?"

"எல்லாம் சொல்லோணும்."

"கெட்டம்பைல ஆமிக்காரனும் இவ்வளவு கேக்கிறதில்ல மிஸ். அவன் ஐடிய மட்டுந்தான் பாப்பான்." கையை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆருக்கு சேர்? எந்த வாட்டுல ஈக்கிறாங்க?"

"வாட்டுல இல்ல நானா. மலேரியாக் கிருமிக்கு."

"கிருமிக்கா?"

"ஆமா. அது சாகக் கிடக்குது."

நானா கையைப் பார்த்தார். ஊசி அதற்குள் ஏறிவிட்டது. "சேர்," என்றார், "எங்கட உம்மாக்கிட்ட மட்டும் செல்லிடாதீங்க."

அன்று பின்னேரம் முழுவதும் நடைபாதையில் ஒரு கதிரையில் இருந்தேன். உள்ளே தட்டுகளிலிருந்ததைச் சிறு குழாய்களில் இட்டுச் சுழற்றுவது, மேல் நீரை ஊற்றிவிடுவது, கழுவுவது, மறுபடி சுழற்றுவது. நானாவின் இரத்தம் உறைந்து சீரம் பிரியும்வரை காத்திருப்பது. பிறகு கண்ணாடிச் சில்லில் ஒரு துளியைப் பரப்பிச் சாயமிட்டுப் பார்ப்பது. இருட்டுவதற்குச் சற்று முன் கதவைத் திறந்தாள்.

"இருக்கு. ரெண்டிலையும் இருக்கு. மிச்சம் குறைவு."

சந்தோஷமாகச் சொல்லவில்லை. பொறுப்பு மறுபடி தோளில் ஏறியவளைப்போலச் சொன்னாள்.

அவை மெதுவாகத் தேறின. நானா கிழமை தவறாமல் வந்தார். ஒவ்வொரு முறையும் உள்ளே வந்தவுடன், கேட்கும் முன்னரே, தான் சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் ஒப்புவித்தார். மச்சான்தான் முறுகிக்கொண்டார். தன் இரத்தம் கூடாது, முச்சக்கரவண்டிக்காரனுடைய இரத்தம் கூடுமோ என்று குடும்பத்தில் ஒரு சுற்றுச் சொல்லி முடித்தார். கதை கனடாவரை போய்த் திரும்பி வந்தபோது, மச்சானுக்கு மலேரியா வந்து மனைவி கவனிக்காமல் விட்டதாக மாறியிருந்தது. ஓர் அத்தை தொலைபேசியில் என்னைத்தான் ஏசினார். செய்தி ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகும்போது என்ன ஆகும் என்பது என் தொழில். ஆனாலும் இவ்வளவு குறைந்த ஆட்களைக் கொண்டு இவ்வளவு கெடுக்க எங்கள் அலுவலகத்தால்கூட முடியாது.

ஒட்டுண்ணிகள் தயாரானபோது நுணுக்குக்காட்டி தயாரில்லை. பச்சை ஒளியைக் காட்டும் அந்தக் கருவி வேறு ஒரு பீடத்துக்குச் சொந்தமானது. அதன் விளக்கு எரிந்துபோயிருந்தது. புது விளக்கு சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். வந்த விளக்கு வேறு அளவு. அடுத்தது வரும்வரை அவள் ஒவ்வொரு நாளும், எதற்கென்று தெரியாமலே, தட்டுகளுக்கு நீர் மாற்றினாள். மூன்று மாதத்துக்கு மேல் போனது.

கடைசியில் ஒரு பகல் கருவி கிடைத்தது. நோன்பு மாதம். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அறையை இருட்டாக்கி நெடுநேரம் குனிந்திருந்தாள். ஒரு சில்லை மாற்றினாள், மறுபடி முதல் சில்லை வைத்தாள். பிறகு எழுந்து இடம் விட்டாள்.

முதலில் அடையாளம் மாற்றப்படாத வகை. கறுப்பில் மங்கலான ஒரு வட்டம். அதற்குள் ஒட்டுண்ணி இருக்கும் மூலையிலிருந்து ஓரம்வரை பச்சைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. இரண்டாவது சில்லில் அதே வட்டம், அதே மூலை. அங்கே மட்டும் பச்சை தடிப்பாகத் தேங்கியிருந்தது. மற்ற இடம் முழுவதும் கறுப்பு. ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"வெளியில போகலயே" என்றேன்.

"போகேல்லை. உள்ளுக்கையே நிண்டுட்டுது." சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒண்டுதான் மாத்தினது. ஒரே ஒண்டு."

படங்களை எடுத்து முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். பசி. அவள் ஆய்வுகூடத்துக்கு நடந்தாள்.

"இண்டைக்கு நீர் மாத்தேல்லை. கலமும் முடிஞ்சுது. படம் பிசகினால் திரும்ப எடுக்கோணும், அதுவரைக்கும் உயிரோடை வைச்சிருக்கோணும்."

"நானா நோன்பு. அவர்கிட்ட எடுக்க முடியாது."

"தெரியும். அண்ணையை வரச் சொன்னனான்."

மச்சான் ஆய்வுகூட வாசலில் நின்றார். சாவடியில் நேரம் போனதாகச் சொன்னார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. இரண்டு பேரும் அந்த மூன்று மாதங்களில் நேராகப் பேசிக்கொண்டது குறைவு. அவள் அவரை உட்காரவைத்தாள். உதவியாளர் ரப்பர் பட்டியோடு வந்தபோது, அவரை வெளியே ஒரு வேலையாக அனுப்பினாள். பிறகுதான் கேட்டாள்.

"அண்ணை, கடைசியா எப்ப போட்டனீங்கள்?"

"அண்டைக்கு உங்கட வீட்டிலை சொன்னதுக்குப் பிறகு தொடேல்லை."

"வவுனியாவுக்குப் போகேக்கை?"

"வவுனியாவுக்கு நான் போகேல்லை. போய்க் காய்ச்சல் பிடிச்சால் குளிசை போடவேண்டி வருமெல்லோ. வேறை ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறன்." சிறிது நிறுத்தி, "கந்தோரிலை கோபம்தான்" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். பட்டியைத் தானே கட்டினாள்.

"நேற்று?"

"நேற்றும் இல்லை, இண்டைக்கும் இல்லை. பொக்கற்றைப் பார்."

அவள் பார்க்கவில்லை. நரம்பைத் தடவித் தேடினாள். மச்சான் மற்றக் கையால் கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தார். அவருடைய கண் அடுத்த அறைக்குப் போகும் கதவில் இருந்தது. ஊசி ஏறியபோது முகத்தைச் சுழித்தார், கையை அசைக்கவில்லை. குழாய் கருஞ்சிவப்பாக நிரம்பத் தொடங்கியது.

"மச்சான்," என்றார் மெல்ல, என்னிடம், "அந்தக் கதவை ஒருக்காச் சாத்தும்."

கதவு சாத்தித்தான் இருந்தது. எழுந்து போய், திறந்து, இன்னொரு முறை சாத்தினேன்.